கரும்புக்காட்டுச் சிக்னல்

கோபி,
ஆவணி 10

மாப்ள,

வால்பாறையில் மழை விட்டதா? இங்கே வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, அப்பா சௌக்கியம். சோலைக்குள் சென்சார் வைக்க ரேடியோ வாங்கி வைத்திருக்கிறாயே, அதற்கு முன்னால் என் கதையைக் கேள்.

தையில் கரும்பு நட்டபோதே மண் ஈர சென்சாரைப் புதைத்து, நாலடிக் குச்சியில் ஆண்டெனாவைக் கட்டி, 600 மீட்டர் தள்ளி வீட்டுத் தண்ணித்தொட்டி மேல் கேட்வேயை, அதாவது சிக்னலை வாங்கும் பெட்டியை, வைத்தேன். சென்சார் அனுப்பும் தகவல் பாக்கெட் ஒன்றுகூடத் தவறவில்லை. உனக்கு போன் போட்டுப் பீற்றிக்கொண்டேனே, அது அப்போதுதான். ஆடியில் பத்தில் ஏழு காணோம். பாய்ச்சல் விட்ட மறுநாள் விடிகாலை, சோகையெல்லாம் பனியில் நனைந்து நிற்கும்போது, ஒன்றுமே வராது. நான் போர்டைக் கழற்றி, பேட்டரியை மாற்றி, லோரா ரேடியோவின் ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை, அதாவது மெதுவாகப் பேசித் தூரம் எட்டும் அளவை, 7-லிருந்து 12-க்கு ஏற்றி (ஒவ்வொரு தடவை பேசவும் இருபது மடங்குக்கு மேல் நேரம், பேட்டரி கதி அதோகதி) மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வரப்பில் நின்று கேட்டார்: "ஏப்பா, கரும்பு வளரும்னு உன்ற மெஷினுக்குத் தெரியாதா?"

பத்தடிக் கரும்புக்குள் நாலடிக் குச்சி!

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். அலை நூல் பிடித்த மாதிரி போவதில்லை, நடுவில் உப்பிக்கொண்டு போகிறது. நம் 866 மெகாஹெர்ட்ஸுக்கு 600 மீட்டரில் நட்ட நடுவே அந்த உப்பல் நேர்கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் 24 அடி. அதில் அறுபது சதவீதமாவது, அதாவது 14 அடி, கரும்புத் தலைக்கு மேல் காலியாக இருக்க வேண்டும். கரும்பு 10, மேலே 14, ஆக நடுவில் கோடு 24 அடி உயரத்தில் போக வேண்டும். தொட்டி 30 அடி, இந்தப் பக்கம் 18 இருந்தால் நடுவில் சரியாக 24. அதனால் 18 அடி ஜிஐ பைப் நட்டு ஆண்டெனாவை மேலே ஏற்றினேன், சென்சார் மண்ணிலேயே இருக்கிறது. ஃபேக்டர் மறுபடி 7.

நாங்கள் வயலைத்தான் காடு என்போம். உன்னுடையது நிஜக் காடு, மரத்துக்கு மேல் பைப் நட முடியாது, நட்டாலும் யானை பிடுங்கிவிடும். மரங்கள் அலையை எவ்வளவு தின்னும் என்று சொல்லும் வைஸ்பெர்கர் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்: இலையுள்ள மரங்கள் 100 மீட்டர் குறுக்கே நின்றால் 19 டெசிபல் போகும், எண்பதில் ஒரு பங்குதான் மிச்சம். நீ வாங்கி வைத்திருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் முந்நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. அதுவும் காய்ந்த இலைக்கு, உன் ஊர் மழைக்கு இல்லை. 866-க்கே மாறிவிடு. சோலைக்குள் நேராகத் துளைக்கப் பார்க்காதே, ஓரத்தில் சிக்னலை வாங்கி அனுப்பும் ஒரு ரிலே வைத்துத் தேயிலைச் சரிவு மேலாகக் கொண்டுவா. இடுப்புயரச் செடி, கவாத்து வேறு பண்ணுவார்கள். கரும்பு மாதிரி துரோகம் செய்யாது.

மார்கழியில் வெட்டு. அதற்கு முன்னால் வந்து பார், வெட்டின பிறகு நாலடிக் குச்சியே போதும் என்பாய்.

உன் பழைய ரூம்மேட்