சமையல் மேடைக்கு எலுமிச்சை: எந்தக் கல்லுக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், சமையல் மேடையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு நீங்க எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றித் தேய்க்கலாம் என்ற யோசனை வெளியாகியிருந்தது. எழுதியவரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மேடையில் பதித்திருப்பது எந்தக் கல் என்ற கேள்வியே அதில் எழாதது பெருங்குறை என்பதால் இதை எழுதுகிறேன்.

நம் ஊர்ச் சமையலறைகளில் பெரும்பாலும் கடப்பா கல்லோ கிரானைட்டோ இருக்கும். சில வீடுகளில் மார்பிள் இருக்கும். ஆந்திரத்தின் கடப்பா பகுதியிலிருந்து வரும் அந்தக் கரிய பலகை உண்மையில் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. மார்பிளும் அதே கால்சியம் கார்பனேட்டால் ஆனதே. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் வினிகரின் அசிட்டிக் அமிலமும் மட்டுமல்ல, நாம் அன்றாடம் கரைக்கும் புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் இக்கற்களை அரிக்கும். பாலிஷ் போட்ட கடப்பா கல்லின் மேல் பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்துச் சிறிது நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள்: மூடியின் அளவில் சாம்பல் பூத்தாற்போல் ஒரு வட்டம் தெரியும், விரலால் தடவினால் சுற்றிலும் உள்ள வழவழப்பு அங்கு மட்டும் இருக்காது. கல்லின் மேற்பரப்பே கரைந்து உண்டான தடம் என்பதால் எவ்வளவு கழுவினாலும் அது போகாது. கறை என்று எண்ணி மீண்டும் எலுமிச்சையையே தேய்ப்பவர்களின் வீட்டில் வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். பிறகு பாலிஷ் போடும் ஆளைத்தான் அழைக்க வேண்டியிருக்கும்.

தொட்டியைச் சுற்றி ஆழ்துளைக் கிணற்று நீர் விட்டுச்செல்லும் வெள்ளைப் படிவத்துக்கும் இதே கதைதான். அப்படிவமும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே; அதைக் கரைக்க ஊற்றும் ஆசிட், அடியிலுள்ள கடப்பா கல்லையும் சேர்த்தே கரைக்கும். வேலை முடிந்ததும் மேடையை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் படிவம் சேரவே சேராது.

கிரானைட்டின் நிலை வேறு. குவார்ட்ஸ், பெல்ஸ்பார் ஆகிய கனிமங்களாலான அக்கல்லை எலுமிச்சையோ புளியோ எளிதில் அரிப்பதில்லை. ஆனால் கடைகளில் அப்பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. மேலூர் வட்டாரத்தில் வெட்டியெடுக்கப்பட்டு 'காஷ்மீர் வெள்ளை' என்ற பெயரில் விற்கப்படுவது போன்ற வெளிர்நிறக் கற்கள் எண்ணெயையும் மஞ்சளையும் எளிதில் உறிஞ்சிவிடும். மேடையில் சில துளி தண்ணீர் விட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துத் துடைக்கும்போது அவ்விடம் கருத்துத் தெரிந்தால், அக்கல்லுக்குச் சீலர், அதாவது நீரும் எண்ணெயும் உள்ளே இறங்காமல் தடுக்கும் பூச்சு, பூச வேண்டும் என்று பொருள். ஏற்கெனவே எண்ணெய் இறங்கியிருந்தால், சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துக் கறையின் மேல் அப்பி, பாலித்தீன் தாளால் மூடி, ஓர் இரவு முழுவதும் விட்டு, மறுநாள் தாளை எடுத்து நன்றாகக் காயவிட்டு வழித்தெடுக்கலாம்; காயும்போதுதான் எண்ணெய் மேலே வரும் என்பதால் அவசரப்படக் கூடாது. பழைய கறைக்கு இதையே இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். சோடாவோடு எலுமிச்சையைச் சேர்க்கும்போது பொங்குவது கரியமில வாயு மட்டுமே. இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடுவதால், அந்த நுரைக்குக் கறையை இழுக்கும் ஆற்றல் கிடையாது.

அன்றாடத் துப்புரவுக்கு, பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பில் சில துளிகள் கலந்த வெதுவெதுப்பான நீரும் மென்மையான துணியும் எந்தக் கல்லுக்கும் போதும். கம்பி நார் கடப்பா கல்லிலும் மார்பிளிலும் கீறல் விழச் செய்யும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து வெளிவரும் குளோரின் வாயு, ஜன்னல் சாத்திய சிறிய சமையலறையில் உயிருக்கே ஆபத்தானது.

புதிதாகக் கல் பதித்தவுடன் சிமென்ட் கறையைப் போக்க மேடை முழுவதும் ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கடப்பா கல்லானால் குடிபுகுமுன்பே அதன் பளபளப்புப் போய்விடுகிறது. கல் விற்பவர்கள், கல்லின் வகையையும் அதற்குச் சீலர் தேவையா என்பதையும், ஆசிட் படலாமா கூடாதா என்பதையும் ரசீதிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். தாங்களும் இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, அவை எந்தக் கல்லுக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி,
மதுரை.