எண்ணைப் பார்ப்பதைவிட எண்ணெயைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் அன்றாடம் புழங்கும் பிளாஸ்டிக் பொருள்களில் உள்ள ரசாயனங்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாசகரைப் பயமுறுத்தாமல் எழுதியிருந்த விதம் பிடித்திருந்தது. ஆனால் கட்டுரையோடு கட்டம் கட்டி வெளியிட்டிருந்த அட்டவணை, பாத்திரத்தின் அடியில் முக்கோணத்துக்குள் 2, 4, 5 என்று இருந்தால் பயமின்றி வாங்கலாம், 3, 6, 7 என்று இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும் என்ற அளவில் விஷயத்தை முடித்துக்கொண்டது. பள்ளியில் பல ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை.

அந்த எண்கள் உணவுப் பாதுகாப்புக்காக ஏற்பட்டவை அல்ல. பயன்படுத்தி எறியப்பட்ட பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்யும் இடத்தில் வகைபிரிப்பது எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக, அமெரிக்காவின் பிளாஸ்டிக் தொழில் சங்கம் 1988இல் வகுத்த குறியீடு அது. ஒரு பொருளின் அடிப்படைப் பிசின், அதாவது மூலப் பிளாஸ்டிக் வகை, எது என்பதை மட்டுமே எண் சொல்கிறது. அதில் என்ன நிறமி கலந்தார்கள், வளைந்துகொடுப்பதற்காக எதைச் சேர்த்தார்கள், வெயிலில் நொறுங்காமல் இருக்க எதைச் சேர்த்தார்கள் என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. 7 என்பது தனியொரு பிளாஸ்டிக்கின் பெயர்கூட இல்லை. முதல் ஆறில் அடங்காத எல்லாவற்றையும் அந்தத் தலைப்பில் போட்டுவிடுவார்கள். பிஸ்பீனால் ஏ (சுருக்கமாக பிபிஏ) என்ற ரசாயனத்தால் ஆன பாலிகார்பனேட்டும், தாவர மாவுச்சத்திலிருந்து தயாராகும் பிஎல்ஏவும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. உணவு படலாமா என்று அறிய ஒரு குறியீடு தேவையென்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில் உள்ள கோப்பை, முள்கரண்டிச் சின்னம் போன்றவை அதற்காகவே உள்ளன. முக்கோணம் அந்த வேலையைச் செய்யாது.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? பிளாஸ்டிக்கிலிருந்து ரசாயனம் எப்படி வெளியேறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் விடை தானாகக் கிடைக்கும். இதை விளக்க வகுப்பில் நான் சோதனைக் குழாயைத் தேடிப் போனதில்லை. மாணவர்களின் பென்சில் பெட்டியைத் திறக்கச் சொன்னாலே போதும். பிவிசியால் ஆன அழிப்பான், கண்ணாடி போன்ற பாலிஸ்டைரீன் அளவுகோலின்மேல் பல வாரங்கள் கிடந்திருந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிய்த்தெடுத்தால் அளவுகோலில் அழிப்பானின் வடிவத்திலேயே ஒரு பள்ளம் தெரியும். யாரும் சூடாக்கவில்லை, பசை தடவவில்லை. இயல்பில் விறைப்பான பிவிசியை மென்மையாக்குவதற்குத் தாலேட் போன்ற நெகிழ்வூட்டிகளைக் கலக்கிறார்கள். அவை பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்பால் கட்டப்படாமல், பஞ்சில் ஊறிய நீரைப் போல உள்ளே தங்கியிருப்பவை. தொட்டுக்கொண்டிருந்த அளவுகோலுக்குள் அவை மெல்ல மெல்ல நகர்ந்து அதைக் கரைத்திருக்கின்றன. பழைய பிவிசி விரிப்பு நாளடைவில் விறைத்து வெடிப்பதற்கும், அதில் இருந்த நெகிழ்வூட்டி வெளியேறிப்போனது ஒரு காரணம்.

இந்த நெகிழ்வூட்டிகளில் பலவும் நீரைவிட எண்ணெயில் எளிதில் கரைபவை. அதனால் தண்ணீர் வைக்கும்போது பேசாமல் இருக்கும் பாத்திரம், எண்ணெயோ கொழுப்போ பட்டதும் வாயைத் திறக்கிறது. என் வீட்டில் பாலிபுரோப்பிலீன் டப்பா ஒன்று இருக்கிறது. தங்கள் அட்டவணைப்படி எண் 5, எந்தக் குறையும் இல்லாதது. தக்காளியும் எண்ணெயும் சேர்ந்த உணவை ஒருமுறை ஆறவிடாமல் அதில் ஊற்றி மூடிவைத்தேன். உணவு நின்ற மட்டம் வரை செம்மஞ்சளாக ஒரு வளையம் விழுந்தது. எத்தனை முறை தேய்த்தும் இன்றுவரை போகவில்லை. அந்தக் கறை பிளாஸ்டிக்கின் மேல் படிந்திருக்கவில்லை, அதற்குள்ளேயே இறங்கியிருக்கிறது. எண்ணெய் உள்ளே போக வழி இருக்கிறது என்றால், உள்ளே இருப்பது எண்ணெயோடு வெளியே வரவும் அதே வழி இருக்கிறது. அது என்ன, எவ்வளவு என்பது பொருளுக்குப் பொருள் மாறும். அதை எண் 5 சொல்லாது.

எண்ணெய்க்கு அடுத்தது சூடும் தேய்மானமும். பாலிகார்பனேட்டின் கதை இதற்கு நல்ல உதாரணம். அதன் அடிப்படைப் பொருளான பிஸ்பீனால் ஏ, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல வேலை செய்யும் என்பது 1936லேயே தெரிந்திருந்தது. பாலிகார்பனேட் பிறந்ததோ 1953இல். கொதிக்கும் நீரும் காரத்தன்மையுள்ள சோப்பும் அந்தப் பிளாஸ்டிக்கின் சங்கிலியைச் சிறிது சிறிதாக அறுத்து பிஸ்பீனாலை விடுவிக்கின்றன. 1998இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பாட்ரிசியா ஹன்ட் என்ற மரபியல் ஆய்வாளர், தம் சோதனைச் சாலையில் எந்த மருந்தும் கொடுக்கப்படாத எலிகளின் சினைமுட்டைகளில்கூட குரோமோசோம்கள் குளறுபடியாக இருப்பதைக் கண்டார். காரணத்தைத் தேடிப் போனபோது, எலிகள் வாழ்ந்த பாலிகார்பனேட் கூண்டுகளையும் நீர்ப் புட்டிகளையும் தரை கழுவும் கடுமையான காரச் சோப்பால் யாரோ தவறுதலாகக் கழுவியிருந்தது தெரியவந்தது. கூண்டு மங்கி, பிசுபிசுத்து, பிஸ்பீனாலைக் கசியவிட்டிருந்தது. இந்த ஆய்வு 2003இல் வெளியானது. தெளிவாக இருந்த புட்டி புகைபடிந்ததுபோல் மங்கும்போது அதை அழகுக் குறை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது என்பதை நான் இதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

கதை அத்துடன் முடியவில்லை. ஹன்ட் அம்மையார் வேறு வகைப் பிளாஸ்டிக் கூண்டுகளுக்கு மாறினார். பின்னர் அவையும் சேதமடைந்து, பிபிஎஸ் என்னும் மாற்றுப் பிஸ்பீனாலைக் கசியவிட்டு, ஏறக்குறைய அதே கோளாறுகளைக் கொண்டுவந்தன என்று 2018இல் அவர் குழுவே எழுதியது. ‘பிபிஏ இல்லாதது’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட புட்டியைக் காணும்போதெல்லாம், அதற்குப் பதிலாக எது இருக்கிறது என்று கேட்கத் தோன்றுவது அதனால்தான். இல்லாததைச் சொல்லும் சீட்டு இருப்பதைச் சொல்வதில்லை.

இவற்றால் மனிதருக்கு எவ்வளவு தீங்கு என்பதில் நிபுணர்களிடையே இன்னும் வழக்கு இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பிஸ்பீனால் ஏவுக்கான ஏற்கத்தக்க தினசரி அளவை உடல் எடையில் கிலோவுக்கு 0.2 நானோகிராம் என்று, முன்பிருந்ததைவிட 20,000 மடங்கு குறைத்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமோ அதே ஆண்டில் 200 நானோகிராம் போதும் என்று மாறுபட்டது. ஆயிரம் மடங்கு வேறுபாடு! ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் காத்திருக்கவில்லை. உணவு படும் பொருள்களில் பிஸ்பீனால் ஏவைத் தடைசெய்யும் விதியை 2024 டிசம்பரில் நிறைவேற்றிவிட்டது.

இதன் மறுபக்கமாக, பீதியும் எண்களைப் பிடித்துக்கொண்டுதான் பரவுகிறது. கறுப்பு நிறச் சமையல் கரண்டிகளில் மின்னணுக் கழிவிலிருந்து வந்த தீத்தடுப்பு ரசாயனம் இருப்பதாக 2024இல் வெளியான ஆய்வொன்று உலகெங்கும் கரண்டிகளைக் குப்பைக்கு அனுப்பியது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 7,000 நானோகிராம் என்பது அந்த ரசாயனத்துக்கான பாதுகாப்பு எல்லை. அதை 60 கிலோ எடையால் பெருக்கினால் 4,20,000 வர வேண்டும். அவர்கள் 42,000 என்று எழுதிவிட்டார்கள். ஒரு பூஜ்யம் விட்டுப்போனதால், பாதுகாப்பு எல்லையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவு, எல்லையை நெருங்கிவிட்டதாகத் தோன்றியது. பிழையைத் திருத்தி வெளியிட்டார்கள். ஆனால் உணவு தொடும் கரண்டியில் அந்த ரசாயனத்துக்கு வேலையே இல்லை என்ற உண்மை திருத்தத்துக்குப் பிறகும் அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே என் வீட்டில் நான் எண்ணைப் பார்ப்பதில்லை. சூடானதும் எண்ணெய்ப் பசை உள்ளதும் கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ பீங்கானிலோதான் இருக்கும். பிளாஸ்டிக்கில் வைத்தே ஆக வேண்டுமென்றால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான். மைக்ரோவேவ் அடுப்புக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருந்தாலும், சூடாக்கும் முன் உணவைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிவிடுகிறேன். குழந்தைக்குப் பால்பொடி கலக்க வெந்நீர் தேவை என்பதால், அதைக் கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ கலந்து, ஆறியபின் புட்டியில் ஊற்றும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன். செம்மஞ்சள் வளையம் விழுந்த அந்த டப்பாவை நான் எறிந்துவிடவில்லை. இப்போது அதில் பொத்தான்களும் ஊசி நூலும் இருக்கின்றன. வீட்டிலுள்ள பிளாஸ்டிக்கையெல்லாம் ஒரே நாளில் தூக்கி எறியுங்கள் என்ற அறிவுரை, புதிதாக வாங்கக் கையில் பணம் உள்ளவர்களுக்கு மட்டுமே எழுதப்பட்டது.

இத்தனை சிறிய மாற்றத்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்காக ஒன்று. 2011இல் அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு மூன்று நாள்கள் மட்டும், டின்னிலோ பிளாஸ்டிக்கிலோ அடைக்கப்படாத புதிய உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் பிஸ்பீனால் ஏவின் அளவு சராசரியாக 66 சதவீதமும், டிஇஎச்பி என்ற தாலேட்டின் எச்சங்கள் பாதிக்கு மேலும் குறைந்தன. இவ்விரண்டும் உடலில் தங்குவது சில மணி நேரம்தான். புதிதாக உள்ளே போவது குறைந்தால் அளவும் உடனே குறைகிறது.

தங்கள் அட்டவணையை மறுபடி அச்சிட நேர்ந்தால், எண்களுக்குப் பக்கத்தில் உலர்ந்த பொருள், எண்ணெய்ப் பொருள், சூடான பொருள் என்று மூன்று நிரல்களைச் சேர்க்க வேண்டுகிறேன். அந்த எண் பிசினின் பெயரைத்தான் குறிக்கிறது என்று ஒரு வரியில் திருத்தமும் வெளியிட்டால், அட்டவணையை வெட்டிச் சமையலறையில் ஒட்டிவைத்திருக்கும் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி