றோட்டை உயர்த்தியாச்சு, தண்ணி எங்க போறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நாங்கள் வன்னியில ஒரு குடியேற்றத் திட்டக் கிராமத்துச் சனம். ஊர்ப் பேரை எழுதேல்ல. பயத்தில இல்லை, பேரைப் போட்ட உடன இது இன்ன கட்சிக்கு எதிரா எழுதினது எண்டு ஆக்கிப்போட்டு விசயத்தைக் கைவிட்டிடுவினம், அதோட கிளிநொச்சிப் பக்கம் கேட்டாலும் முல்லைத்தீவுப் பக்கம் கேட்டாலும் நெடுங்கேணி, மாந்தை எண்டு எங்க போய்க் கேட்டாலும் சனம் இதே கதையைத்தான் சொல்லும், அதால எந்தப் பிரதேச சபைக்குப் பொருந்துதோ அந்தச் சபை எடுத்துக்கொள்ளட்டும்.

எங்கட ஒழுங்கைக்குக் கார்பட் போட்டுத் தந்திருக்கினம். நல்ல றோட்டு, பொய் சொல்லக்கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளையள் புழுதி குடிக்காமப் போகுதுகள், ஓட்டோக்காரர் உள்ளுக்கு வரமாட்டன் எண்டு சொல்லுறேல்ல, பிரசவ வலி எண்டா அம்புலன்ஸ் வாசல் வரைக்கும் வருது. ஆனா முதல் கிரவல் கொட்டினது, அதுக்கு மேல பிறகொருக்கா கிரவல், அதுக்கு மேல கல்லுக் கலவை, அதுக்கு மேல தார் எண்டு ஒண்டுக்கு மேல ஒண்டாப் போட்டு இப்ப றோட்டு எங்கட முற்றத்தை விட ஒண்டரை அடி உயரத்தில நிக்குது. மழைத்தண்ணி ஓடுறதுக்குக் கான் இல்லை. ரெண்டு பக்கத்திலயும் இல்லை. முந்தி இருந்த மண் வாய்க்காலையும் பெக்கோ மெசின் விட்டு மூடித்தான் றோட்டை அகட்டினவை, குறுக்கால தண்ணி போற ரெண்டு மதகில ஒண்டு தாருக்குக் கீழ எங்கயோ கிடக்குது, மற்றதின்ர வாயில கொன்ராக்ட்காரர் விட்டுட்டுப் போன மண் கும்பி இன்னும் கிடக்கு.

மாரியில வந்து பாருங்கோ. வளவு சிரட்டை மாதிரித் தண்ணியை ஏந்திக்கொண்டு நிக்கும்.

இது ஏன் இப்படி எண்டு விளங்கோணுமெண்டா கொஞ்சம் பின்னுக்குப் போகவேணும். 2009 க்குப் பிறகு மெனிக் பாம் முகாமில இருந்து கொண்டுவந்து விட்ட நேரம் இஞ்ச பத்தையும் தரப்பாளும்தான். பிறகு இந்திய வீட்டுத்திட்டம் எண்டு 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா தந்தினம், அந்தக் காசுக்குள்ளதான் 550 சதுர அடி வீட்டைக் கட்டி முடிக்கோணும், கனபேர் நகையை அடகு வைச்சுத்தான் முடிச்சது. அத்திவாரம் எவ்வளவு உயர்த்திறது எண்டு மேசன்மார் பாத்தது அப்ப இருந்த றோட்டு மட்டத்தைத்தான். வீட்டை ஒருக்காத்தானே கட்டலாம், றோட்டை அவையள் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒருக்கா உயர்த்துவினம். 2020 இல ஒரு லட்சம் கிலோமீற்றர் றோட்டு எண்டு நாடு முழுக்க ஒரு திட்டம் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்த வேகத்தில எல்லாருக்கும் கணக்கு கிலோமீற்றர்தான், கானுக்கு ஆர் கிலோமீற்றர் கணக்குப் பாக்கிறது?

இதில வயித்தெரிச்சல் என்னெண்டா, இந்தக் காணியளுக்கு றோட்டுக்கு முந்தியே வாய்க்கால் வந்திட்டுது. குளத்துக்குக் கீழ திட்டம் வெட்டின அந்தக் காலத்து ஆக்கள் வயலுக்குத் தண்ணி கொண்டுபோறதுக்கு ஒரு வாய்க்கால், மிஞ்சின தண்ணியை எடுத்துக்கொண்டு போறதுக்குக் கழிவு வாய்க்கால் எண்டு ரெண்டையும் வரைபடத்தில போட்டு, ரெண்டு கரையிலயும் ஒதுக்குக் காணி விட்டு, அதுக்குப் பிறகுதான் மேட்டுக்காணியைப் பிரிச்சுப் பெமிற் குடுத்தவை. எங்கட மண் யாழ்ப்பாணத்துச் செம்மண் மாதிரித் தண்ணியை உறிஞ்சாது, பள்ளக்காணியள் களி. வருச மழையில பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில கொட்டித் தீர்த்திடும். அப்ப அந்தக் கழிவு வாய்க்கால் இல்லாட்டி இஞ்ச ஊரே இருக்கேலாது எண்டது அந்த மனுசருக்குத் தெரிஞ்சிருக்கு. இப்ப அந்த வாய்க்காலைத் தேடிப் பிடிக்கிறதுக்கு ஒரு வயசுபோன ஐயாவைக் கூட்டிக்கொண்டு போகவேண்டிக் கிடக்கு, அவர் ஆற்றயோ மதிலைக் காட்டி இதுக்குக் கீழதான் பிள்ளை ஓடினது எண்டுறார்.

மதில் கட்டினது அரசாங்கம் இல்லை, நாங்கள்தான். அதையும் எழுதத்தான் வேணும். ஒதுக்குக் காணியில கக்கூஸ் கட்டினவை இருக்கினம், கடை போட்டவை இருக்கினம், கேற்றடிக்கு வாகனம் ஏத்திறதுக்கு எண்டு வாய்க்காலுக்குள்ள குழாய் கூட வைக்காமக் கொங்கிறீற்றைக் கொட்டி அடைச்சவை இருக்கினம். வெளிநாட்டுக் காசு வாற வீட்டுக்காரர் பத்துப் பதினைஞ்சு டிப்பர் கிரவல் பறிச்சுக் காணியை உயர்த்துவினம், அவைக்கு வெள்ளம் முடிஞ்சுது, தண்ணி பக்கத்து வளவுக்குள்ள போகும், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வருசம் கடன்பட்டு அஞ்சு டிப்பர் பறிப்பார், இப்படியே தள்ளித் தள்ளிக் கடைசியில தண்ணி வந்து நிக்கிறது ஒழுங்கையின்ர அடியில புருசன் இல்லாத மனுசி மூண்டு பிள்ளையோட இருக்கிற வீட்டில. அவ கிரவலுக்கு எங்க போறது? நான் ஒருத்தரிட்ட நேர கேட்டன், அண்ணை உங்கட மதிலுக்குக் கீழ ஒரு குழாயை வைச்சு விட்டா என்ன எண்டு. என்ர காணி, என்ர காசு, உனக்கென்ன பிள்ளை எண்டார். வாய்க்கால் அவற்ற காணி இல்லை எண்டது அவருக்கும் தெரியும்.

குப்பையைப் பற்றிக் கனக்க எழுதேல்ல, எழுதி எழுதிச் சலிச்ச விசயம். கோழிக்கடைக் கழிவை இரவில மோட்டர் சைக்கிள்ல கொண்டுவந்து குளத்து அலைகரையில எறியிறாங்கள், பம்பஸும் சொப்பிங் பையும் மிச்சமிருக்கிற மதகை அடைக்குது, அதுக்கு நாய், நாய்க்குப் பயந்து பிள்ளையள் சுத்திப் போகுதுகள். சபையின்ர ட்ரக்டர் மெயின் றோட்டோட திரும்பிப் போகும்.

இனிக் கந்தோர்க் கதை. ஏ, பி எண்ட பெரிய றோட்டெல்லாம் கொழும்புக்குக் கீழ இருக்கிற வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி றோட்டு மாகாண வீதித் திணைக்களத்துக்கு, மிச்சம் ஒழுங்கையள் பிரதேச சபைக்கு. குளமும் அப்படித்தான், பெரிசெண்டா நீர்ப்பாசனம், 80 ஹெக்ரேயருக்குக் குறைவா நீர் பாயிற சின்னக் குளம் கமநலம். காணி எண்டா பிரதேச செயலகம். தண்ணிக்கு இந்தப் பிரிவினை தெரியாது, அது எங்கட ஒழுங்கையில விழுந்து சி றோட்டைக் கடந்து வயலுக்குள்ளால போய்க் குளத்தில சேரவேணும். நாங்கள் போன முதல் கந்தோர்ல மதகு தங்கட, வாய்க்கால் தங்கட இல்லை எண்டினம். மற்றக் கந்தோர்ல வாய்க்கால் தங்கட, ஆனா மூடின இடம் றோட்டு எண்டினம். மூண்டாவது இடத்தில இருந்த உத்தியோகத்தர் மரியாதையான பிள்ளை, அம்மா இருங்கோ எண்டு கதிரை போட்டுத் தந்து, எல்லாத்தையும் கேட்டு எழுதி, கடைசியில இதை மற்ற ரெண்டு கந்தோருக்கும் அனுப்பிறன் எண்டார்.

பிறகு எங்கட ஒழுங்கைப் பெடியன் ஒருத்தன் தகவல் அறியும் சட்டத்தில, அதான் 2016 ஆம் ஆண்டின்ர 12 ஆம் இலக்கச் சட்டம், அதில கடிதம் போட்டான், றோட்டின்ர எஸ்ரிமேற்றில கான் இருந்ததா இல்லையா எண்டு. 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும் எண்டு அதில இருக்கு, சொன்னவை, அந்த அளவில பாராட்டவேணும். கான் மதிப்பீட்டில உள்ளடக்கப்படவில்லை, எதிர்காலத்தில் நிதி கிடைக்கும் பட்சத்தில் கவனத்தில் எடுக்கப்படும். அவ்வளவுதான் பதில். அப்ப மறந்து விடுபட்டது இல்லை, கொன்ராக்ட்காரர் களவெடுத்ததும் இல்லை, துவக்கத்திலயே கான் இல்லாமத்தான் றோட்டைக் கீறியிருக்கினம், ரி.ஓ எண்ட தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்த நேரம் தண்ணி எந்தப் பக்கம் ஓடும் எண்டு எங்களில ஒருத்தரையும் கேட்கேல்ல. நிதி எவ்வளவு, நீளம் எவ்வளவு எண்டு எழுதின பெயர்ப்பலகை மட்டும் நல்ல உயரமா நட்டிருக்கு, அது வெள்ளத்தில தாழாது.

சபை எங்களுக்கு இதில அதிகாரம் இல்லை எண்டு சொல்லேலாது. 1987 ஆம் ஆண்டின்ர 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் பொது வீதியளையும் சபையின்ர பொறுப்பில தான் குடுத்திருக்கு. வீடு, மதில் கட்டப் பிளான் பாஸ் பண்றதும் சபை. பாஸ் பண்ணேக்க கேற்றடியில இந்த அளவு குழாய் வைச்சாத்தான் கையெழுத்து எண்டு ஒரு வரி போட்டிருந்தா பாதி வாய்க்கால் இண்டைக்கு உயிரோட இருந்திருக்கும். வயல் நிலத்தை நிரப்பிறதுக்கும் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின்ர அனுமதி வேணும் எண்டு 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தில இருக்கு, ஆனா றோட்டுக்கரை வயலில கிரவல் பறிக்கிற டிப்பரை மறிச்சு அந்தக் கடுதாசியைக் காட்டு எண்டு கேட்டதை எங்கட பக்கத்தில ஒருத்தரும் காணேல்ல.

ஒரு நியாயத்தையும் சொல்லவேணும். 2018 இல தேர்தலில தெரிவான சபையள் 2023 பங்குனியோட கலைஞ்சுது, அதுக்குப் பிறகு 2025 வைகாசியில தேர்தல் நடக்குமட்டும் ரெண்டு வருசமாச் சனத்தின்ர ஆள் எண்டு கேட்கிறதுக்குச் சபையில ஒருத்தரும் இல்லை. மாகாண சபை 2018 ஐப்பசியில முடிஞ்சது முடிஞ்சதுதான். அப்ப போட்ட றோட்டுக்கெல்லாம் புதுசா வந்த உறுப்பினர்மாரைப் பிடிச்சு ஏசிறது சரியில்லை. ஆனா வந்த பிறகு அவையளும் சபையில கதைக்கிறது எந்த வட்டாரத்துக்கு எத்தின மீற்றர் கொங்கிறீற் எண்டுதான், வாய்க்கால் திறக்கிறதுக்கு ஆர் ரிபன் வெட்டிறது? சபையில பெண்களுக்கு 25 வீத இடம் எண்டு வந்ததால உள்ளுக்குப் போன ரெண்டு பேர்தான் எங்கட முற்றத்தில இறங்கி நிண்டு கதை கேட்டவை. மற்றவை றோட்டில நிண்டு படம் எடுத்துக்கொண்டு போயிட்டினம், நிண்ட இடம் உயரம்தானே.

சனம் வெள்ளத்துக்குப் பழகினதுகள்தானே எண்டு ஆரும் சொல்ல வேண்டாம். 2018 மார்கழியில இரணைமடு வான்கதவு எல்லாம் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தாண்டது வேற, அது குளத்து வெள்ளம், பள்ளிக்கூடத்துக்கு ஓடினம், சமைச்ச சாப்பாடு வந்தது, நிவாரணம் வந்தது. இது அப்படி இல்லை, ஒரு பின்னேர மழைக்கு வாற முழங்கால் தண்ணி, இதுக்கு இடம்பெயர்வும் இல்லை நிவாரணமும் இல்லை. கக்கூஸ் குழி நிரம்பிக் கிணத்துக்குள்ள போகுது, பி.எச்.ஐ எண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஐயா வந்து குளோரின் போட்டிட்டுக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ எண்டுறார், வேற என்ன செய்வார் அவர். 2024 மார்கழியில வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில எலிக்காய்ச்சல் வந்து ஆக்கள் செத்ததை உங்கட பேப்பரிலதானே வாசிச்சம். நுளம்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் புதுசா ஒண்டும் கட்டித் தரச் சொல்லேல்ல. இனி ஒரு ஒழுங்கைக்கும் கான் இல்லாத எஸ்ரிமேற்றுக்குச் சபை கை உயர்த்தக்கூடாது, அது எங்கட ஒழுங்கையின்ர மிச்சத் துண்டா இருந்தாலும் சரி, அந்தத் துண்டு கிரவலாவே கிடக்கட்டும். ஐப்பசி பிறக்க முந்தித் தவிசாளரும் ரி.ஓவும் நீர்ப்பாசன, கமநல, காணி உத்தியோகத்தர்மாரும் விதானையும் ஒரே நாளில, ஒரே நேரத்தில, பழைய திட்ட வரைபடத்தைக் கையில வைச்சுக்கொண்டு எங்கட ஒழுங்கையில இருந்து குளம் மட்டும் நடந்து வரவேணும். அடைபட்ட இடம் எல்லாத்துக்கும் சிவப்பு மை அடிக்கோணும், அது ஆற்ற மதில், எந்த உறுப்பினரின்ர சொந்தக்காரர், எந்தக் கோயில் எண்டு பாக்கக்கூடாது. மண் வெட்டிற வேலையை மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து சிரமதானமாச் செய்யும், எங்களுக்குப் பெக்கோ ஒண்டு ரெண்டு நாளைக்கும் அதுக்கு டீசலும் தந்தாக் காணும். மதிலுக்குக் கீழ குழாய் வைக்க அந்த அந்த வீட்டுக்காரர் செலவழிக்கட்டும், மாட்டன் எண்டு நிக்கிறவைக்குச் சபை சட்டப்படி கடிதம் குடுக்கட்டும். சோலைவரி கட்டச் சொல்லிக் கடிதம் குடுக்கத் தெரியுதுதானே.

இந்தக் கடிதத்தின்ர கொப்பியைச் சபைக்கும் மற்றக் கந்தோர் மூண்டுக்கும் ஒழுங்கைச் சனத்தின்ர கையெழுத்தோட நேர கொண்டுபோய்க் குடுத்து, கிடைச்சதெண்டு சீல் அடிச்சு வாங்கி வைச்சிருக்கிறம். நீங்கள் நிருபர் ஆரையும் அனுப்பிறதெண்டா மழை பெய்யிற நாளில அனுப்புங்கோ, செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு வரச் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
ஒழுங்கைச் சனத்தின்ர சார்பில,
மாதர் சங்கச் செயலாளர்,
வன்னி.