எல்லைக் கோடு போடுவதற்கு முன்: மலேசியத் தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தீபகற்ப மலேசியாவின் தொகுதி எல்லைகளுக்கு மக்களவை கடைசியாக ஒப்புதல் தந்தது 2018 மார்ச் 28-இல். ஒரு சீரமைப்புக்கும் அடுத்ததற்கும் எட்டாண்டுக்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்கிறது அரசமைப்பின் 113-ஆவது பிரிவு. அந்தக் கணக்கு 2026 மார்ச்சோடு தீர்கிறது. மக்களவையின் மொத்த இடங்களை 222-க்கு மேல் கூட்டுவதா, சபா, சரவாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு தருவதா என்றுதான் இப்போது பேச்செல்லாம். அதற்கு எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று வகுக்கும் 46-ஆவது பிரிவைத் திருத்த வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அது அரசியல்வாதிகள் பாடு. நாங்கள் கேட்பது, அந்தத் திருத்தம் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் மேசையிலேயே செய்யக்கூடியதை.

2022 பொதுத்தேர்தலில் சிலாங்கூரின் வாக்காளர்கள் ஏறத்தாழ 36.8 லட்சம், தொகுதிகள் 22. பேராக்கில் சுமார் 20 லட்சம் பேருக்கு 24 தொகுதிகள். மாநிலத்துக்கான இடங்களை 46-ஆவது பிரிவே வகுப்பதால் இந்தக் கோணலை நிமிர்த்துவது உங்கள் கையில் இல்லை. ஆனால் ஒரே சிலாங்கூருக்குள் பாங்கியில் 3 லட்சத்து 3 ஆயிரம் பேரும் சபாக் பெர்ணமில் சுமார் 52 ஆயிரம் பேரும் இருப்பது நீங்கள் போட்ட கோட்டால்தான். சராசரி பார்த்தால் தொகுதிக்கு 1 லட்சத்து 67 ஆயிரம் வருகிறது. 1957 அரசமைப்பில் சராசரிக்கு மேலும் கீழும் 15 விழுக்காடு என்று ஒரு வரம்பு இருந்தது. 1962 திருத்தம் அதைத் தளர்த்தி, நகரத் தொகுதியில் பாதி அளவுக்குக் கிராமத் தொகுதி இருக்கலாம் என்றது. 1973-இல் அந்த வரம்பும் போயிற்று. ‘ஏறத்தாழ சமம்’ என்ற சொல் மட்டும் அரசமைப்பின் 13-ஆவது அட்டவணையில் மிஞ்சி நிற்கிறது. அதற்கு ஓர் எண்ணைக் குறித்து அறிவிக்க உங்களை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பழைய 15 விழுக்காட்டையே எடுத்துக்கொண்டால் சிலாங்கூரில் 1 லட்சத்து 42 ஆயிரம் முதல் 1 லட்சத்து 92 ஆயிரம் வரை.

கிராமப்புறச் சலுகையை நாங்கள் மறுக்கவில்லை. சரவாக்கின் உட்பகுதியான ஹூலு ராஜாங்கில் நீள்வீடுகளுக்குப் படகேறிப் போக வேண்டியிருக்கிறது. அங்கே சலுகை நியாயம். சபாக் பெர்ணமின் வயல்களுக்கு நடுவே தார்ச்சாலை ஓடுகிறது. எந்தத் தொகுதிக்கு, எந்தச் சிரமத்துக்காக, எத்தனை விழுக்காடு தள்ளுபடி என்று பரிந்துரையிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது ஆட்சேபம். எங்களுக்கு முக்கியமானது இதுதான். பரிந்துரையைக் காட்சிக்கு வைத்ததும் ஒரு மாதத்துக்குள் மாநில அரசோ, ஊராட்சி மன்றமோ, அந்தத் தொகுதிப் பட்டியலில் உள்ள 100 வாக்காளர்களோ எதிர்ப்பு எழுதிக் கொடுத்தால் உள்ளூர் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். கோயில் நிர்வாகமோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ கடிதத் தாளில் தலைவர் கையெழுத்தோடு அனுப்பினால் இந்தக் கணக்கில் வராது. கையெழுத்துப் போட்ட நூறு பேரில் நான்கு பேர் பக்கத்துத் தொகுதிக்காரர்களாக இருந்தால் மிச்சம் 96. ஆட்சேபம் அங்கேயே விழுந்துவிடும். (130 பேரிடம் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்று வாசகர்களுக்கும் சொல்லி வைக்கிறோம்.)

அந்த ஒரு மாதமும் எதில் கரைகிறது தெரியுமா? யார் எங்கே மாற்றப்பட்டார்கள் என்று கண்டுபிடிப்பதில். நீங்கள் தொகுதிக்குத் தொகுதி நகர்த்துவது தொகுதியின் உட்பிரிவுகளான வாக்களிப்பு வட்டாரங்களை. அவற்றுக்கு இருப்பது எண். 102/25 என்று தொடங்கினால் பாங்கி நாடாளுமன்றம், காஜாங் சட்டமன்றம். அதற்கடுத்த இரண்டு இலக்கம் வட்டாரம். மக்களுக்குத் தெரிந்ததோ தாமான் (குடியிருப்புப் பகுதி) பெயரும் ஜாலான் (தெரு) எண்ணும். போதாக்குறைக்கு, கடந்த முறை சிலாங்கூரில் முகவரியே இல்லாத வாக்காளர்கள் 1 லட்சத்து 36 ஆயிரம் பேர் என்று மாநில அரசு நீதிமன்றம் வரை போனது. ஆகவே இந்த முறை பழைய எண், புதிய எண், அதற்குள் வரும் தாமான்கள், வாக்காளர் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒரே அட்டவணையாக, கணினியில் திறக்கும் வரைபடக் கோப்போடு முதல் நாளே வெளியிடுங்கள். உள்ளூர்ப் பிணைப்பைக் காக்க வேண்டும் என்று அதே 13-ஆவது அட்டவணை சொல்கிறது. ஒரு தாமான் நடுவில் பிளக்கப்படுகிறதா என்று பார்க்க வழியில்லாதவர் எதை வைத்து வாதாடுவார்?

இன்னொன்று. 2021 டிசம்பர் 15 முதல் வாக்காளர் பதிவு தானாக நடக்கிறது, மைகார்டு என்னும் அடையாள அட்டையின் முகவரியை வைத்து. தோட்டம் மூடி, குடும்பம் நகரத்து அடுக்குமாடிக்கு வந்து ஆண்டுகள் ஆன பிறகும் கார்டில் பழைய தோட்ட முகவரியே கிடக்கும் ஆட்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் வாழாத தொகுதியின் கணக்கில் ஏறி, வாழும் தொகுதியின் கணக்கில் விடுபடுகிறார்கள். எல்லை வரைய எந்தத் தேதியின் பட்டியலை எடுக்கப் போகிறீர்கள் என்பதை ஆறு மாதம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். அதற்குள் தேசியப் பதிவு இலாகாவின் நடமாடும் முகப்புகள் அந்த அடுக்குமாடிகளுக்கு வரவும் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
சிலாங்கூர் வாக்காளர்கள் சிலர்