மகளுக்கு, ஸ்கீப் பாடம் பற்றி

பேர்ண்
12.01.2025

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. பெப்ரவரியில் பிள்ளைகளைக் கிரின்டெல்வால்டுக்குக் கூட்டி வரப்போவதாகவும், அவர்களைப் பனிச்சறுக்குப் பழக்கும் ஸ்கீப் பள்ளியில் குழுவோடு சேர்ப்பதா, தனி ஆசிரியர் வைப்பதா என்று யோசிப்பதாகவும் நீ அம்மாவுக்கு அனுப்பிய நான்கு வரியைப் பார்த்தேன். தொலைபேசியில் கேட்டால் பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிடுவாய் என்பதால் ஆறுதலாக எழுதுகிறேன்.

மூத்தவளைக் குழுவில் சேர். ஒன்பது வயதுப் பிள்ளை ஆசிரியர் சொல்வதைக் கேட்பதைவிட, முன்னால் சறுக்கிப் போகும் இன்னொரு பிள்ளையைப் பார்த்தே விரைவாகப் பழகும். இருவருக்கும் சேர்த்து ஒரே தனி ஆசிரியர் என்பது கணக்குக்கு மலிவாகத் தெரியும். ஆனால் அவள் இரண்டாம் நாளே மேலே போகக் கேட்பாள், சின்னவன் அப்போதும் அடிவாரத்தில், பிள்ளைகளை மேலே கொண்டுபோகும் ஓடும் பட்டியில் நின்றுகொண்டிருப்பான், ஒருவருக்காக மற்றவர் குளிரில் காத்திருக்க வேண்டும். சின்னவனுக்கு ஐந்து வயதுதானே, காலை வகுப்பு மட்டும் போதும். கிரின்டெல்வால்டின் பொட்மியில் தொடக்கப் பிள்ளைகளுக்கென்றே மெதுவான சரிவு இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. கிழமையின் முதல் நாளிலேயே சேர்த்துவிடு. நடுவில் சேரும் பிள்ளை யாருடைய பெயரும் தெரியாமல் வரிசையின் கடைசியில் நிற்கும். கடைசி நாள் ஓட்டத்தில் எல்லோருக்கும் பதக்கம் கொடுக்கும்போதும் அதன் முகம் தெளியாது. ஊன்றுகோல் தரவில்லையே என்று அவன் அழுதால் வாங்கிக் கொடுக்காதே. முதலில் காலில் மாட்டும் இரண்டு ஸ்கீப் பலகைகளின் முனைகளையும் சேர்த்து "பிட்சா" போல வைத்து நிற்கப் பழகட்டும்.

கையுறை விரல் பிரியாததாக, நீர் புகாததாக இருக்கவேண்டும். ஆளுக்கு இரண்டு சோடி. கம்பளியில் பின்னியது கூடவே கூடாது.

இன்னொன்று, நீ வேலியோரம் போய் நிற்காதே. பத்தொன்பது பனிக்காலம் அந்த மலை உணவகத்துச் சமையலறையின் பின்கதவால் நான் பார்த்தது அதைத்தான். ஆசிரியர் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே ஒரு குழந்தையின் ஸ்கீ முனைகளைப் பிடித்து இழுத்து வருவார். அது வாயைப் பிளந்துகொண்டு, பயமும் சிரிப்புமாக வந்துகொண்டிருக்கும். வேலிக்கு அப்பால் தாயைக் கண்டதும் அப்படியே இருந்து அழத் தொடங்கும். தாய் போனால் ஐந்து நிமிடத்தில் எழும்பிவிடும். பள்ளியில் விட்டதும் போய் ஒரு கோப்பி குடி.

மருமகனுக்கு லீவு இல்லை என்று எழுதியிருக்கிறாய். நத்தாருக்கும் அவருக்கு லீவு இருக்கவில்லை. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஸ்கீச் சப்பாத்தின் கொளுக்கிகளைப் பூட்டி, நான்கு ஸ்கீயையும் தோளில் சுமந்து போய்ச் சேர்ந்த பிறகு, சின்னவன் சிறுநீர் வருகிறது என்று சொன்னால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற ஒருவருடைய இரண்டு கை போதாது என்பதை மட்டும் சொல்கிறேன். காப்புறுதியில் பனி விளையாட்டும் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள். மலையிலிருந்து ஹெலிகொப்டரில் இறக்கும் செலவு விளையாட்டல்ல. கோவிலில் யார் கேட்டாலும் என் மகள் எதையும் விசாரிக்காமல் செய்யமாட்டாள் என்றுதான் சொல்வேன். அப்படிப்பட்ட நீ, ஒன்றரை மணித்தியாலத் தொலைவில் நாங்கள் இருக்க, விடுதியில் மூன்று பேருக்குப் பதிவு செய்த பிறகுதான் எங்களுக்கு அறிவித்தாய்.

ஒருநாளும் ஸ்கீயில் கால் வைக்காத அப்பா இவ்வளவு சொல்கிறாரே என்று நினைப்பாய். நான் வந்த மறுவருடம், 1987-இல், கிரான்ஸ்-மொன்டானாவில் நடந்த உலக ஸ்கீப் போட்டியில் சுவிஸ்காரர் 10 தங்கத்தில் 8-ஐ எடுத்ததை அகதி விடுதித் தொலைக்காட்சியில் பார்த்தபோதே, இது எங்களுக்குரியதல்ல என்று தீர்மானித்துவிட்டேன். அந்தத் தீர்மானத்தை உன்மேலும் சுமத்தினேன்.

2001 பெப்ரவரியில் உன் வகுப்பு முழுவதும் ஸ்கீ முகாமுக்குப் போக, நீ ஒரு கிழமை கீழ்வகுப்புப் பிள்ளைகளோடு கடைசி வாங்கில் இருந்து படம் கீறினாய். காசில்லை என்று உனக்குச் சொன்னேன். காசு இல்லாதது உண்மைதான். ஆனால் உன் வகுப்பாசிரியை இரண்டாவதாகவும் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களை எல்லாம் நீதான் வாசித்துச் சொல்வாய். அதை மட்டும் உன் கண்ணில் காட்டாமல் வேலையிடத்துக்குக் கொண்டுபோய் இன்னொருவரைக் கொண்டு வாசிப்பித்தேன். முழுச் செலவையும் பள்ளி நிதி ஏற்கும், ஸ்கீயும் சப்பாத்தும் இரவல் கிடைக்கும், பெண்பிள்ளைகள் தனி மாடியில் ஆசிரியையோடு தங்குவார்கள் என்று அதில் இருந்தது. ஐந்து இரவு வெளியில் தங்கிய பெட்டை என்று எங்கள் ஆட்கள் நாலு பேர் கதைப்பார்கள் என்று பயந்து, சம்மதமில்லை என்ற இடத்தில் கையெழுத்து வைத்தேன். அந்த நாலு பேரில் இரண்டு பேரின் பிள்ளைகள் தங்கள் பள்ளி முகாம்களுக்குப் போனார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நீ படம் கீறிய அந்தக் கிழமையும் நான் மற்றவர்களின் பிள்ளைகளுடைய நனைந்த கையுறைகளைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் மேல் விரித்துக் காயவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கட்டாய முகாமென்றால் பெற்றோரிடம் சாப்பாட்டுக் காசு மட்டுமே, அதுவும் நாளுக்கு 16 பிராங்குக்கு மேற்படாமல், வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இது பிள்ளையின் காலத்தில் வந்திருக்கலாமே என்று அம்மா பெருமூச்சு விட்டாள். அவளிடமும் நான் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் வருகிறோம். அரைக்கட்டண அட்டை இருக்கிறது. காலையில் ஏறி, இன்டர்லாக்கன் ஒஸ்டில் மாறினால் வகுப்புத் தொடங்கும் முன் வந்துவிடலாம். கொளுக்கி பூட்டுவது என் வேலை. வேலியோரம் நானும் நிற்கமாட்டேன். பள்ளி விடுமுறைக் கிழமைகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், ஆகவே ஸ்கீ வாடகைக் கடைக்கு இந்தக் கிழமையே அளவு கொடுக்கவேண்டும். ஆளின் நிறையைப் பார்த்துத்தான் சப்பாத்தை ஸ்கீயோடு பிடிக்கும் பூட்டின் இறுக்கத்தை வைப்பார்கள், கூட்டியோ குறைத்தோ சொல்லாதே. மூத்தவளின் நிறை, உயரம், சப்பாத்து அளவு, சின்னவனுடையதும் அப்படியே. பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பும் காலையில்தான் நடக்கிறது. அதற்கான காசை என் ஓய்வூதியத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். உன் சப்பாத்து அளவு முன்பு 37. இப்போது எத்தனை என்று அதையும் எழுதி அனுப்பு.

அப்பா