அட்டை போன புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன்

தண்டையார்பேட்டை,
ஜனவரி 29

அன்புள்ள சரசு,

எட்டு மாதமாகக் கடிதம் போடவில்லை. நீ கோபித்துக்கொள்வது நியாயம்தான். மூட்டு வலி அப்படியே இருக்கிறது. சின்னவன் வேலை மாறிவிட்டான். குண்டு டீச்சர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு பெங்களூர் போய்விட்டார். மற்றதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போது எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

மூர் மார்க்கெட்டில் ஆளுக்கு மூன்று ரூபாய் போட்டு ஒரு சமையல் புத்தகம் வாங்கினோமே, அட்டையும் முதல் பத்துப் பக்கமும் இல்லாதது, அதைக் கொடுத்துவிட்டேன். பாதி உன்னுடையது என்று தெரிந்தும், உன்னைக் கேட்காமல் கொடுத்தேன். கேட்டிருந்தால் "வேண்டாம்டி" என்றிருப்பாய். 1985இல் மார்க்கெட் எரிந்த பிறகு அங்கே வாங்கியதில் நம்மிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். அதனால்தான் இத்தனை நாள் கை வரவில்லை, உனக்கு எழுதவும் கை வரவில்லை.

போகிக்கு வீடு ஒழித்தபோது ஆரம்பித்தது. பரணிலிருந்து இறக்கி எண்ணினால் 61 சமையல் புத்தகங்கள். பத்திரிகை இணைப்புகள் தனியாக இரண்டு பை. கல்யாணத்துக்கு வந்தது, ஓவன் வாங்கியபோது கொடுத்தது, மாமியார் வைத்துவிட்டுப் போனது. "எல்லாம் போன்லயே இருக்கேம்மா, பேப்பர்க்காரருக்குப் போட்டுடு" என்றான் சின்னவன். எனக்கு மனசு ஒப்பவில்லை. மொட்டை மாடியில் மூன்று நாள் வெயில் காட்டினேன். பூச்சி அரித்த நாலைந்தை மட்டும் தனியாக எடுத்துவிட்டு, மற்றதை எல்லாம் துடைத்து அடுக்கினேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். 61இல் இரண்டே இரண்டில்தான் மீன் இருந்தது. அந்த இரண்டிலும் "ஏதாவது ஒரு மீன், அரை கிலோ" என்று போட்டிருந்தது. காசிமேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு இத்தனை வருடம் இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்! வஞ்சிரமும் காணாங்கெளுத்தியும் ஒன்றா? எழுதினவர் ஒரு நாள் உன் அம்மாவோடு மீன் வாங்கப் போயிருக்க வேண்டும்.

கிளை நூலகத்தில் கேட்டேன். நல்ல நிலையில் இருப்பதை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள், பதினெட்டு கொடுத்தேன். கேக் புத்தகங்கள் பெரம்பூரில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிற நம் ஜோதி மகளுக்கு. சர்க்கரை நோய்க்காரர் சமையல் எதிர்வீட்டு அண்ணனுக்கு. ஒரு பையை யார் தலையிலாவது கட்டிவிட்டால் அது கொடுத்ததாகாது, சரசு. இந்தப் புத்தகம் இன்னாருக்கு என்று யோசித்துக் கொடுத்தால்தான் யாராவது பிரித்துப் பார்ப்பார்கள்.

புத்தகக் கண்காட்சியில் சிறைத் துறை அரங்கு போட்டு, கைதிகள் படிக்கப் புத்தகம் வாங்கிக்கொள்கிறார்கள். அங்கே போய்த்தான் தயங்கி நின்றேன். நினைத்ததைச் சமைக்க முடியாத இடத்துக்குச் சமையல் புத்தகம் கொடுப்பது கொடுமை இல்லையா? பிறகு உன் மஞ்சள் காமாலை ஞாபகம் வந்தது. நாற்பது நாள் வெறும் கஞ்சியும் மோரும் குடித்துக்கொண்டு, படுத்தபடியே எனக்கு வடைப் பக்கத்தைச் சத்தம் போட்டு வாசித்தாயே. எதிரே உட்கார்ந்து கேட்ட எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது. உனக்கு அது எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று பிறகு நீதான் சொன்னாய். பன்னிரண்டு புத்தகம் கொடுத்துவிட்டு வந்தேன். புழல் சிறையில் யாராவது ஒரு பெண் தன் வீட்டுக் குழம்பை அதில் தேடிப் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் புத்தகம் மட்டும் யாருக்கும் பொருந்தவில்லை. மாடியில் குடியிருக்கிற பெண் ஆசையாகத்தான் வாங்கிப் பார்த்தாள். "வீசைன்னா என்ன ஆன்ட்டி? ஆழாக்குன்னா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கிலோக் கணக்கு 1958இல் வந்தது, 1962இல் கட்டாயமாகிவிட்டது. எனக்கே படி, ஆழாக்கு அளவுக்குத்தான் தெரியும்.

பூச்சி அரித்ததையும் பழைய செய்தித்தாளையும் எடுத்துப்போகப் பேப்பர்க்காரர் வந்தார். உனக்குத் தெரியும், நம் தெருவுக்கு மூன்று சக்கர வண்டியில் வருவாரே, அவர்தான். ஓரமாக வைத்திருந்த நம் புத்தகத்தையும் எடைக்கு என்று நினைத்துத் தராசில் வைத்தார். நான் பதறிப்போய் "அது இல்லைங்க" என்றேன். அவர் கையில் எடுத்து நடுவில் பிரித்தார். நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். பிறகு, "கால் வீசை புளின்னா பத்துப் பலம்மா. முந்நூத்தம்பது கிராம் வரும்" என்றார், நான் கேட்காமலே.

அவர் அப்பா கொத்தவால்சாவடி மார்க்கெட்டில் எடை போட்டவராம். நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு என்று வாய்ப்பாடு மாதிரிச் சொல்கிறார். "அப்பாவோட வீசைக்கல்லுதான் இன்னிக்கும் எங்க வூட்டுக் கதவுக்கு முட்டு" என்றார். அவர் மனைவி மார்கழியில் வழுக்கி விழுந்து வலது கை முறிந்துவிட்டது. அன்றிலிருந்து சமையல் இவர்தான். அந்த அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லச் சொல்ல இவர் செய்கிறாராம், இரண்டு பேருக்கும் தினமும் சண்டையாம். "இத இரவலாக் குடும்மா, படிச்சிட்டுத் தந்துடறேன்" என்றார். வாழ்நாள் முழுக்கப் புத்தகத்தைக் கிலோ விலைக்கு எடுத்தவர், சரசு, ஒன்றை இரவல் கேட்டார். நான் என்ன செய்வேன்? வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அடுத்த வாரம் ஒரு சின்ன சம்படத்தில் புளிக்காய்ச்சல் கொண்டுவந்தார். எண்ணெய் பிரிந்து, கறுத்து, அவ்வளவு நன்றாக இருந்தது. கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன். பங்குனியில் வருகிறாய் அல்லவா, அதுவரைக்கும் தாங்கும்.

வந்தவர் "சரசுன்னா யாரும்மா?" என்று கேட்டார். ஓரமெல்லாம் நீ பெயர் எழுதி வைத்திருப்பதை மறந்தே போனேன். என் சிநேகிதி என்றேன். அவர் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார். பால் கொழுக்கட்டைப் பக்கத்தில் பென்சிலால் "இரண்டாம் பாலை" என்று ஆரம்பித்திருக்கிறாய், மிச்சத்தில் எண்ணெய் பட்டு அழிந்துவிட்டது. அந்த அம்மாவுக்குக் கட்டுப் பிரிக்கிற நாளில் செய்து கொடுக்க வேண்டுமாம். இரண்டாம் பாலை என்ன செய்ய வேண்டும் என்று சீக்கிரம் எழுது.

உன்
கமலா