பெரம்பூர் செழித்தது, அங்கே இருந்தவர்கள் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வடசென்னையில் பெரம்பூர், புளியந்தோப்பு பக்கம் நன்றாக வளர்ந்துவிட்டது என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனை விலை, அடுக்குமாடி, மெட்ரோ வேலை எல்லாம் உண்மைதான். யார் வளர்ந்தார்கள் என்ற கேள்விதான் அதில் விட்டுப்போயிற்று.

பின்னி மில் என்று நாங்கள் சொல்லும் பக்கிங்காம் கர்நாடிக் துணி ஆலையை நம்பி உருவான பகுதி இது. 1918இல் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த ஆலைத் தொழிலாளர்களின் சங்கம்தான். என் அப்பாவும் அங்கே வேலை பார்த்தவர். 1996இல் ஆலையை மூடியதோடு மாதச் சம்பளம், போனஸ் எல்லாம் போயிற்று. பிள்ளைகள் ஆட்டோ ஓட்டப் போனார்கள், வாட்டர் கேன் போட்டார்கள், செக்யூரிட்டி வேலைக்கு நின்றார்கள். ஆலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு.

எங்கள் தெருவில் ஒரு லைன் வீடு இருந்தது. வரிசையாக ஒற்றை அறைகள், எல்லோருக்கும் ஒரே அடிபம்பு. வீட்டுக்காரர் காலமானதும் பிள்ளைகள் பில்டரிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது கீழே கார் பார்க்கிங், மேலே ஃபிளாட். அங்கே குடியிருந்தவர்களில் பலர் நகரத்துக்கு வெளியே செங்குன்றம், மீஞ்சூர் பக்கம் போய்விட்டார்கள். அந்தப் பெண்களில் சிலர் விடியற்காலையில் பஸ் பிடித்து வந்து, இதே தெரு ஃபிளாட்டுகளில் பாத்திரம் தேய்க்கிறார்கள். இடிக்காமல் மிச்சமிருக்கும் பழைய வீடுகளை வடமாநிலத் தொழிலாளர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விடுகிறார்கள். ஒரு குடும்பம் அந்த வாடகையைக் கொடுக்க முடியாது. அந்தத் தொழிலாளர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர்களும் பிழைக்க வந்தவர்கள்தான்.

2011க்குப் பிறகு 2027இல்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வீட்டில் கார் இருக்கிறதா, இன்டர்நெட் இருக்கிறதா என்று கேட்பார்கள். எங்கள் வட்டம் முன்னேறியதாகத்தான் அதில் தெரியும். இங்கிருந்து போனவர்கள் வேறு ஊர்க் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் வருமானம் ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பதற்கு யாருமில்லை. அந்தக் கணக்கை வைத்து இங்கே ரேஷன் கடையையோ மாநகராட்சிப் பள்ளியையோ குறைத்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத அட்வான்ஸ் போதும் என்கிறது. ஆனால் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும் என்றும் விட்டுவிட்டார்கள். சரி, வீடு தேடி வருகிறவர் என்ன பேரம் பேச முடியும்? பத்து மாதம் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த விலக்கை எடுக்க வேண்டும். ஓட்டேரி, பட்டாளம் வழியாக மெட்ரோ வருகிறது. அதை ஒட்டிய அரசு நிலத்தில் சிறு வாடகை வீடுகள் கட்ட வேண்டும். குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்புகளை இடித்துக் கட்டினால், பழைய குடும்பங்களுக்கு அதே இடத்தில் வீடு தர வேண்டும். தெற்கே தொலைவில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியது போதும்.

அடுத்த கட்டுரைக்கு உங்கள் நிருபர் செங்குன்றத்திலிருந்து காலையில் வரும் பஸ்ஸில் ஏறி, அந்தப் பெண்களிடம் முன்பு என்ன வாடகை கொடுத்தார்கள், ஏன் காலி செய்தார்கள் என்று கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஆலைத் தொழிலாளி மகன்,
பட்டாளம், சென்னை – 12